அலமாரி உண்டு — ஆள் எங்கே?

சாரல் பொழியும் குற்றாலம்! ஆனி, ஆடித் திங்கள்களில் சென்று பாருங்கள். பேரருவியில் நிற்க இடமில்லை, ஐந்தருவியில் நெடுவரிசை, பழைய குற்றாலத்துக்குச் செல்லும் பாதையெங்கும் வண்டிகள். எண்ணெய் தேய்த்துவிடுவோர் கூவி அழைக்கின்றனர். நேந்திரங்காய் வற்றல் பொரியும் மணம் காற்றிலே மிதக்கிறது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாகக் குவிந்திருக்கின்றன. எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், எதையெதையோ கேட்கிறார்கள். விடுதி எங்கே, உணவகம் எங்கே, கோயில் எங்கே, படகுத்துறை எங்கே? வழி சொல்ல ஆயிரம் பேர்! ஆனால், 'இந்த ஊர்க் குழந்தைகள் படிக்கும் நூலகம் எங்கே?' என்று கேட்டவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். வெளியூரார் கேட்கவில்லை, அதில் வியப்பில்லை. உள்ளூராரும் கேட்கவில்லையே, அதற்கென்ன சொல்வது?

அந்தக் கூட்டத்தின் நடுவிலேதான் நிற்கிறான் ஒரு சிறுவன். தந்தையின் கடையிலே வற்றல் பொட்டலம் கட்டுகிறான். கொடுத்த நோட்டுக்கு மீதிச் சில்லறையை நொடியிலே எண்ணித் தருகிறான். சாரல் தொடங்குவதும் சூன் திங்கள். பள்ளி திறப்பதும் சூன் திங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அவனை அழைக்கின்றன. சாரல் வெல்கிறது! எட்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டியே படிக்கும் பிள்ளைகளைக் கண்டு மனம் புழுங்கும் ஆசிரியர்களாகிய நாம் அறிவோம், அவன் அறிவு மழுங்கியதன்று. சில்லறை எண்ணும் அந்த வேகமே அதற்குச் சான்று. அவன் கையிலே பணம் புழங்குகிறது, நூல் புழங்கவில்லை. அவ்வளவுதான்!

குற்றாலத்திலிருந்து மேலகரம் வழியே தென்காசிக்கு வாருங்கள். தொலைவிலேயே தெரிகிறது ஒன்பது நிலைக் கோபுரம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுத்த கோயில் அது. தனக்குப் பின் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிகிறேன் என்று பாடிக் கல்லிலே பொறித்து வைத்தான் அந்த மன்னன். சிதைந்து நெடுங்காலம் நின்ற கோபுரம் 1990இல் மீண்டும் நிமிர்ந்தது. கோயிலைப் பற்றிய நம் கருத்து ஊரறிந்தது. அதை இங்கே விரிக்கவில்லை. அந்த மன்னனிடம் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம். அவன் வணக்கம் செலுத்தியது காப்பவனுக்கு! கட்டடம் எழுப்பினால் மட்டும் போதாது, அதைப் பேண ஆள் வேண்டும் என்பதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவன் உணர்ந்திருந்தான். மக்களாட்சிக் காலத்து நாம் உணர்ந்தோமா?

'நூலகந்தான் இருக்கிறதே! இன்னும் என்ன?' என்று முகம் சுளிப்பவர் உண்டு.

இருக்கிறது, மறுக்கவில்லை. விடுதலைக்குப் பின் இந்தியாவில் நிறைவேறிய முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்துச் சட்டம், ஆண்டு 1948. சீர்காழியில் பிறந்து நூலக இயலுக்கே தந்தையென உலகம் போற்றும் அறிஞர் அரங்கநாதனின் அயரா உழைப்பு அதன் பின்னே நின்றது. இன்று தமிழ்நாட்டிலே மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பொது நூலகங்கள் உண்டு. தென்காசியிலும் வ.உ.சி. பெயர் தாங்கிய வட்டார நூலகம் இருக்கிறது. இவற்றையெல்லாம் நடத்தும் பணம் வானத்திலிருந்து கொட்டுவதன்று. சொத்துவரி ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி தண்டப்படுகிறது. மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். அந்த வீடுகளிலே குழந்தைகள் இருக்கிறார்களா இல்லையா? அவர்கள் பங்கு எங்கே? அதைத்தான் கேட்கிறோம்!

'குழந்தைகள் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கும் நூலகங்களைப் பார்த்திருக்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரிலும் காணத்தக்க காட்சியே அது. ஒரு மூலை. அங்கே ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரிக்கு ஒரு பூட்டு. கண்ணாடிக்கு உள்ளே வண்ண வண்ண அட்டைகள். கண்ணாடிக்கு வெளியே வண்ண வண்ணக் கனவுகளோடு ஒரு பிள்ளை. 'சாவி எங்கே?' என்றால், 'ஐயா வெளியே போயிருக்கிறார்' என்று விடை வரும். சுவரிலே பெரிய எழுத்தில், 'அமைதி காக்கவும்'. குழந்தை வாய்விட்டுச் சிரித்தால் நான்கு பக்கமிருந்தும் நான்கு முறைப்புகள்!

யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தை 1981இல் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகத் தமிழினமே கண்ணீர் வடித்தது. இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கட்டும்! ஆனால் ஒன்று: எரிந்த நூலைப் படிக்க இயலாது, பூட்டிய நூலையுந்தான் படிக்க இயலாது. எரித்தவனைப் பழித்த நாவு, பூட்டி வைக்கும் முறையைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டாமா?

இங்கே ஒரு தெளிவு தேவை. நூலகரைக் குறைகூற எழுதவில்லை. ஊர்ப்புற நூலகத்திலே இருப்பவர் ஒரே ஒருவர். கதவு திறப்பவர் அவர். தூசு தட்டுபவர் அவர். நாளேடு அடுக்குபவர், பதிவேடு எழுதுபவர், நூல் கொடுப்பவர், வாங்குபவர், மேலிடத்துக்கு அறிக்கை விடுப்பவர் எல்லாம் அவரே! இத்தனைக்கும் நடுவே, ஆறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக் கதை சொல்லும் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? காணாமற்போன நூலுக்குக் கணக்குக் கேட்பார்கள் என்ற அச்சத்தாலேதான் அவர் பூட்டுகிறார். பூட்டியது அவர் கை. பூட்ட வைத்தது முறை. குழந்தைகளோடு பழகுவதற்கென்றே ஒருவரை அமர்த்தாத முறை!

குழந்தைகள் நூலகப் பணி என்றால் என்ன? கதை நூலை எடுத்து நீட்டுவது என்று எண்ணுவோர் மிகுதி. அன்று! அது தனிக் கலை. தனிப் பயிற்சி வேண்டும் தொழில். அலமாரி குழந்தையின் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அடுக்கு, குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் வகையில் திறந்திருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு நாளாவது கதை நேரம். எழுத்தறியாப் பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டல். எழுத்தறிந்த பிள்ளையைத் தானே படிக்க விடல். 'இந்த நூல் பிடிக்கவில்லை' என்று குழந்தை சொன்னால் சினக்காமல், 'எது பிடிக்கும்?' என்று கேட்டறிதல். பாம்பைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்குப் பாம்பைப் பற்றிய நூலைத் தேடித் தருதல், இல்லையேல் வரவழைத்தல். கண் தெரியாப் பிள்ளைக்கும் கால் நடவாப் பிள்ளைக்கும் வழி செய்தல். கேள்வி கேட்கும் குழந்தையின் தலையிலே குட்டாத ஓர் இடம் ஊரிலே இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்கு நம்பிக்கை வரச் செய்தல்! இவ்வளவும் அந்தப் பணி. இதை அலமாரி செய்யுமா? ஆள்தான் செய்ய முடியும்.

நூல் பயன்படுவதற்கே உரியது என்பதைத் தம் ஐந்து விதிகளில் முதல் விதியாக அரங்கநாதன் வைத்தது 1931இல். அதே ஆண்டிலே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியிலே நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் ஒன்று புறப்பட்டது. அவரே அதைத் தொடங்கி வைத்தார். படிப்பவனைத் தேடி நூல் போக வேண்டும் என்பது நம் மண்ணிலே அன்றே முளைத்த கருத்து.

கடல் கடந்தும் பாருங்கள். நியூயார்க் பொது நூலகத்திலே 1906இல் குழந்தைகள் பணிக்குத் தலைமை ஏற்றார் ஆன் கரோல் மூர் என்ற அம்மையார். குழந்தைகளை நம்பி வீட்டுக்கு நூல் கொடுக்க ஊரே அஞ்சிய காலம் அது. அவர் ஒரு பேரேட்டை விரித்து வைத்தார். நூலைப் பேணுவதாக உறுதிகூறிக் குழந்தையே அதில் தன் பெயரை எழுதலாம் என்றார். பெயர் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு நூல் வீட்டுக்குப் போயிற்று! பால்டிமோர் நகரிலே மார்கரெட் எட்வர்ட்ஸ் என்பவர் 1930களிலிருந்து, சிறுவரும் அல்லாத பெரியவரும் அல்லாத அந்த இடைப்பட்ட வயதினர்க்கென்றே உழைத்தார். 1940களில் குதிரை வண்டியிலே நூல்களை ஏற்றிக்கொண்டு ஏழைகள் வாழும் தெருக்களுக்குச் சென்றார். அங்கே குதிரை வண்டி. இங்கே அதற்கும் முன்பே மாட்டுவண்டி! இரண்டாம் உலகப் போரிலே இடிந்து கிடந்த செருமனியில், மியூனிக் நகரில், 1949இல் உலகக் குழந்தைகள் நூல்களுக்கென்றே ஒரு நூலகத்தைத் திறந்தார் யெல்லா லெப்மன். சோற்றுக்கே வழியில்லாத நேரத்தில் கதைநூல் எதற்கு என்று அந்த நாடு ஒதுக்கிவிடவில்லை.

அவ்வளவு தொலைவு எதற்கு? தென்காசிக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் கேரளம். செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில், 1945இல், பி.என். பணிக்கர் முன்னின்று நூலகங்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். அந்த இயக்கத்தின் வழிவந்த ஊர் நூலகங்களிலே இன்றும் 'பாலவேதி' என்ற பெயரில் குழந்தைகள் அமைப்பு இயங்குகிறது. பணிக்கர் மறைந்த சூன் 19ஆம் நாளை அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே அங்கிருந்து காற்று வருகிறது, சாரல் வருகிறது, நாம் மகிழ்ந்து நீராடுகிறோம். அந்தக் கருத்து மட்டும் கணவாயைத் தாண்டி வரக் கூடாதா?

தடை சொல்வோரையும் சந்தித்துவிடுவோம்.

'கதைநூல் படித்தால் மதிப்பெண் வருமா?' என்கிறார் தந்தை. வரும் ஐயா, வரும்! கணக்குத் தாளிலே வினாவைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரியாததால் விடை தவறியவர் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்களைக் கேளுங்கள். ஓட ஓடப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அறிவியலும் எளிது, வரலாறும் எளிது. ஆனால் மதிப்பெண் ஒன்றுக்காகவே நாம் வாதாடவில்லை. மதிப்பெண் பட்டியலை மடித்துப் பெட்டியில் வைத்த பிறகும் மனிதன் வாழ வேண்டியிருக்கிறது, சிந்திக்க வேண்டியிருக்கிறது.

'குழந்தைகள் கிழித்துவிடும்' என்கிறார் மேலதிகாரி. கிழிக்கட்டுமே! கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல். கரையான் அரித்த நூலுக்குக் கணக்கெழுதிக் கழித்துவிட விதி இருக்கிறது; குழந்தை கையிலே தேய்ந்த நூலுக்கு மட்டும் குற்றப் பத்திரிகையா? கரையானுக்குக் காட்டும் கருணையைக் குழந்தைக்குக் காட்டலாகாதா?

'கைபேசி வந்துவிட்டது, இனி நூலகம் எதற்கு?' என்கிறார் படித்தவர். கைபேசி யாரிடம் இருக்கிறது? வீட்டுக்கு ஒன்று, அதுவும் தந்தையின் சட்டைப் பையில். பிள்ளைக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்திலே அது காட்டுவதென்ன? அந்தக் கருவி பிள்ளையின் விரலைப் பார்க்கிறது, முகத்தைப் பார்ப்பதில்லை. 'உனக்கு இது புரிந்ததா?' என்று கேட்பதில்லை. ஏமாற்றுச் செய்தி எது, மெய்ச் செய்தி எது என்று பிரித்தறியக் கற்பிப்பார் இல்லாமற்போனால், மந்திரவாதியின் விபூதியை விட்டுத் தப்பிய தலைமுறை, கைபேசியின் பொய்யிலே சிக்கிக்கொள்ளும்! ஆகவேதான் சொல்கிறோம், கைபேசிக் காலத்திலேதான் குழந்தைகள் நூலகர் முன்னிலும் வேண்டியவர்.

'பள்ளிக்கூடத்திலேயே நூல் தருகிறார்களே?' என்பார் வேறொருவர். உண்மை, பாராட்டுகிறோம். பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகச் சிறு நூல்களை அச்சிட்டுப் பிள்ளைகள் கையிலே தந்தது. நல்ல வேலை! ஆனால் பள்ளிக்கு மாலை மணி அடிக்கிறது. கோடை விடுமுறை வருகிறது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைக்குப் பள்ளி நூல் எப்படி எட்டும்? பள்ளி முடியும் இடத்திலே தொடங்குவதுதான் பொது நூலகம். அங்கே தேர்வில்லை, வரிசை எண் இல்லை, பெயில் இல்லை.

இனி, பதின்மூன்று வயதுக்கு வருவோம். அங்கேதான் நம் நூலகம் முற்றாகக் கைவிரிக்கிறது.

ஆறு வயதுக்குப் படக்கதை உண்டு; இருபது வயதுக்குப் போட்டித் தேர்வு நூல் உண்டு. இடையிலே நிற்கும் 13 முதல் 17 வயதினர்க்கு? ஒன்றுமில்லை! குழந்தைகள் மூலையிலே அமர்ந்தால், 'இவ்வளவு பெரியவன் இங்கே என்ன செய்கிறாய்?' படிப்பறையிலே நுழைந்தால், 'சின்னப் பையா, தேர்வுக்குப் படிக்கிறார்கள், வெளியே போ!' இங்குமில்லை, அங்குமில்லை, திரிசங்கு! போட்டித் தேர்வுக்குப் படிப்போரை நாம் பகைக்கவில்லை. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. மின்விசிறியும் மேசையும் வீட்டில் இல்லாததால் நூலகத்தை நாடுகிறார்கள். நகராட்சிகள்தோறும் அவர்களுக்கென அறிவுசார் மையங்கள் எழுவது நன்று. ஆனால் ஊரின் ஒரே நூலகம் முழுவதும் தேர்வுக்கூடமாக மாறிவிட்டால், நாளைக்குத் தேர்வெழுத வேண்டிய பிள்ளை இன்றைக்கு எங்கே போய்ப் படிக்கும்?

அந்த வயதிலேதான் உடல் மாறுகிறது. உள்ளம் கேள்விகளால் நிறைகிறது. பூப்பைத் தீட்டென்று வீடு சொல்கிறது. உடலியல் என்ன சொல்கிறது என்று யாரிடம் கேட்பாள் சிறுமி? கையிலே வண்ணக் கயிறு கட்டச் சொல்கிறான் சாதித் தலைவன். அக்கயிற்றின் பொருள் என்ன, வரலாறு என்ன என்று யாரிடம் கேட்பான் சிறுவன்? பள்ளிகளிலே சாதிக் கயிறு கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. சட்டம் கயிற்றை அவிழ்க்கலாம். மனத்திலே கட்டிய கயிற்றை அவிழ்ப்பது எது? அந்த வயதிலே கையில் கிடைக்கும் நல்ல நூலும், அதைப் பற்றிப் பேச ஒரு நல்ல துணையும் அல்லவா?

சிறுமி என்றோம். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் போய் அவளைப் பாருங்கள். மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையை இறக்குகிறாள். பீடித்தட்டை மடியில் ஏற்றுகிறாள். தாய் சுற்றுகிறாள், மகள் துணை செய்கிறாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் நிறையாமல் அடுப்பு எரியாது. சுற்றிய பீடியைக் கட்டும் நூல் அவள் விரலிலே உண்டு. படிக்கும் நூல் மட்டும் இல்லை! அவளை நூலகத்துக்கு வரச் சொன்னால் வருவாளா? 'பெண் பிள்ளைக்கு அந்தி நேரத்தில் அங்கே என்ன வேலை?' என்று தடுக்க ஊரே காத்திருக்கிறது.

அவள் வரமாட்டாள் என்றால் நூலகம் அவளிடம் போகட்டும்! கியூபாவிலே 1865 முதல் சுருட்டுத் தொழிலாளர் நடுவே ஒருவர் அமர்ந்து நாளேட்டையும் நாவலையும் உரக்கப் படித்தார். கைகள் சுருட்டின, காதுகள் கற்றன. கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளரும் அவ்வாறே தம்முள் ஒருவரைப் படிக்க வைத்துக் கேட்டவர்கள். சிறுமியின் மடியிலிருந்து தட்டை இறக்கும் போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். நடந்தே தீர வேண்டும். அது முடியும் வரை அவள் அறிவு காத்திருக்க வேண்டுமா? கிழமைக்கு ஒரு மாலை, அந்தத் திண்ணைக்கு நூல் மூட்டையோடு வந்து படித்துக் காட்டும் ஒருவரை அனுப்ப நூலக ஆணைக்குழுவால் முடியாதா?

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. இதே தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளம், ஆண்டு 2022, செப்டம்பர் திங்கள். தின்பண்டம் வாங்கக் கடைக்கு வந்த பட்டியல் வகுப்புக் குழந்தைகளிடம், 'உங்களுக்குக் கொடுப்பதில்லை, ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லித் திருப்பி அனுப்பினான் கடைக்காரன். அக்காணொளியை நாடே பார்த்தது. கடைக்கு முத்திரை வைத்தனர், கைது செய்தனர். சட்டம் தன் கடமையைச் செய்தது, சரி. ஆனால் அந்தக் குழந்தைகளின் வாடிய முகத்துக்கு என்ன மருந்து? அதைவிடப் பெரிய கேள்வி, அதே ஊரிலே, அதே வயதிலே, அந்தக் கடையிலே தடையின்றி மிட்டாய் வாங்கித் தின்னும் மற்றத் தெருக் குழந்தைக்கு, 'இது அநீதி' என்று யார் சொல்லித் தருவது? வீடு சொல்லாது, தெரு சொல்லாது, கோயில் சொல்லவே சொல்லாது!

இரு தெருக் குழந்தைகளும் ஒரே பாயிலே தோளோடு தோள் உரச அமர்ந்து, ஒரே கதைக்கு ஒன்றாகச் சிரிக்கும் இடம் ஒன்று ஊரில் வேண்டும். நூலுக்குச் சாதி கிடையாது. ஒரு கை புரட்டிய ஏட்டைத்தான் மறுகையும் புரட்டுகிறது. சேர்ந்து சிரித்த குழந்தைகளை ஊர்க் கட்டுப்பாடு பிரிப்பது கடினம். அதனால்தான் சொல்கிறோம், குழந்தைகள் நூலகம் பொழுதுபோக்கு அன்று. சமுதாயச் சீர்திருத்தத்தின் முதற் பள்ளி! மேடையிலே முழங்கி முப்பது வயதினனை மாற்றப் படும் பாட்டிலே பத்தில் ஒரு பங்கு பட்டால் போதும், ஆறு வயதினனை மாறாமலே காக்கலாம்.

பெரிய நகரங்களுக்கு இது கிட்டியிருக்கிறது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15ஆம் நாள் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலே குழந்தைகளுக்கென ஒரு தளமே எழிலுற அமைந்தது. அடுத்த ஆண்டே, 2011இல், அதை மருத்துவமனையாக்குவோம் என்றது அன்றைய அரசு, உயர்நீதிமன்றம் தடைவிதித்தது, நூலகம் பிழைத்தது. மதுரையிலே 2023 சூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது; அங்கும் குழந்தைகளுக்குத் தனியிடம் உண்டு. மகிழ்கிறோம். ஆனால் சென்னை, தென்காசியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்! மதுரையும் மாலையில் போய்வரும் தொலைவில் இல்லை. பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் சிறுமி எந்த வண்டி ஏறி அங்கே போவாள்? தென்காசி 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் வந்தார், அலுவலகங்கள் வந்தன, பெயர்ப் பலகைகள் மாறின. குழந்தைக்கு என்ன வந்தது?

இந்த மண் வறண்ட மண்ணன்று. தென்காசிப் பக்கத்துக் குறும்பலாப்பேரியிலே பிறந்தவர் ம.இலெ. தங்கப்பா, 'சோளக்கொல்லைப் பொம்மை' என்ற குழந்தைப் பாடல் நூலுக்காகச் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருதை 2010இல் பெற்றவர். கழுநீர்குளத்துக் கழனியூரன், இவ்வட்டாரத்து மக்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைத் திரட்டி அச்சேற்றியவர். இவர்கள் நூல்கள் எம் பிள்ளைகளுக்கு எத்தனை நூலகங்களில் கையெட்டும் உயரத்திலே இருக்கின்றன? ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது ராசாசியும் கல்கியும் தேடி வந்து கவிச்சுவை பேசினர் என்று பெருமைப்படுகிறோம். பெரியோர்க்கு வட்டத்தொட்டி வாய்த்தது. சிறியோர்க்கு ஒரு சிறு திண்ணையாவது வேண்டாமா?

நாம் கேட்பவை நான்கே. ஒவ்வொரு வட்டார, கிளை நூலகத்திலும் குழந்தைகளோடும் பதின்வயதினரோடும் பழகப் பயிற்சி பெற்ற ஒருவர், அதற்கென்றே. பூட்டில்லா அலமாரி, தேய்ந்த நூலுக்கு நூலகரைப் பொறுப்பாக்காத விதி. போட்டித் தேர்வுப் படிப்பறைக்கு வேறாக, 13 முதல் 17 வயதினர்க்கு ஓர் அறை. பேசலாம், வாதாடலாம் என்ற உரிமையோடு. பீடித் தொழில் ஊர்களுக்கும், சாரல் காலத்தில் குற்றாலக் கடைத்தெருவுக்கும் போய்வரும் நூல் வண்டி. வரி கொடுத்த மக்கள் கேட்கிறோம், பிச்சை கேட்கவில்லை.

அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பதும் நமக்கழகன்று, இளைஞர்களே! நூலகம்தோறும் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. அதிலே சேர்ந்து, ஓய்வுபெற்றோர் மட்டுமே உள்ள வட்டத்தில் இளங்குருதியைப் பாய்ச்சுங்கள். ஆயிரம் ரூபாய் செலுத்தி நூலகப் புரவலர் ஆகலாம். பதின்மர் சேர்ந்து ஆளுக்கு நூறு போட்டால் ஒரு புரவலர்! திருமணத்துக்குத் தோரணம் கட்டும் பணத்தில், தலைவர்க்கு மாலை வாங்கும் பணத்தில், பத்துக் குழந்தை நூல்கள் வாங்கலாமே. வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நூலகக் கதவு திறந்திருக்கும். அன்று காலை ஒரு மணி நேரம் உங்களுடையதாகட்டும். நூலகரிடம் அன்போடு பேசிச் சாவியை வாங்குங்கள்; ஒரு பாயை விரியுங்கள்; மேலத்தெருப் பிள்ளையையும் கீழத்தெருப் பிள்ளையையும் நீங்களே போய் அழைத்து வாருங்கள்; ஒரு நூலைத் திறந்து உரக்கப் படியுங்கள். முதல் வாரம் மூவர் வருவர்; சோர வேண்டாம். மூவரும் வீட்டிலே போய்ச் சொல்வார்கள். அடுத்த வாரம் எண்ணிக்கை தானே ஏறும்.

நம் இயக்கம் படிப்பகத்தில் வளர்ந்த இயக்கம். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் ஏட்டை விரித்துப் படிக்கப் பத்துப் பேர் கேட்டு, அந்தப் பத்துப் பேர் நூறு பேராகி எழுந்த இயக்கம். வீட்டுக்கு வீடு புத்தகசாலை வேண்டும் என்று வானொலியிலே பேசினார் அண்ணா. வீட்டிலே அலமாரி வைக்க வக்கில்லாத பிள்ளைக்கு ஊர் நூலகமே வீடு. அந்த வீட்டிலே அன்போடு வரவேற்க ஒருவர் இல்லையென்றால் அது வீடாகுமா?

கூட்டத்துக்குக் கூட்டம், மனுவுக்கு மனு, வேட்பாளர் எவர் வாக்குக் கேட்டு வந்தாலும் அவர் முகத்துக்கு நேரே, ஒரே கேள்வியைக் கேட்போம்: அலமாரி உண்டு, ஆள் எங்கே? விடை வரும் வரை கேட்போம். வரும் வரைக்கும் அந்தப் பாயிலே நாமே போய் அமர்வோம்!